நேரில் வர இயலாதோர்

எலுமிச்சை மண்டிகளுக்குப் பின்னால், ஜவுளிக்கடை மாடியில் இருக்கும் ஞானப்பழம் வீடியோஸில் டிவிடி போடக் கொடுத்த கல்யாணங்களுக்கு, வர முடியாமல் போனவர்களும் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்பது எங்கள் ஊருக்கு ஒரு தை மாதத்தில் தெரியவந்தது. ஆனி பிறப்பதற்குள் அது எல்லோருக்கும் பழகிப்போயிற்று.

கல்யாணம் எங்களிடம் டேப்பில் வரும். ஒரு மணி நேர டேப் நாலு. டேப்பை அவசரப்படுத்த முடியாது, சடங்கு நடந்த வேகத்திலேயேதான் கம்ப்யூட்டருக்குள் இறங்கும், அதுவரை நான் பக்கத்தில் காவல் இருக்க வேண்டும். பிறகு வெட்டுவது, ஒட்டுவது, பாட்டு சேர்ப்பது, கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத் தலைப்பு அடிப்பது. அப்புறம் அதை டிவிடிக்கான ஃபைலாக மாற்றப் போட்டால் விடிய விடிய ஓடும். டிவிடி போடுகிற மென்பொருள் ஆசாரமான வீடு மாதிரி. அகலம் எழுநூற்று இருபது, உயரம் ஐநூற்று எழுபத்தாறு, வினாடிக்கு இருபத்தைந்து படம், சத்தம் நாற்பத்தெட்டாயிரம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கும், அதில் ஒன்று பிசகினாலும் ஃபைலை வாசலிலேயே நிறுத்திவிடும், அல்லது உள்ளே விட்டுவிட்டு மேளத்தை ஒரு பக்கமும் மேளக்காரரின் கையை ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டு போகும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிசகிப் பிசகித் தெரிந்துகொண்டேன். எல்லாம் சரியாக இருந்தால், ஃபைலை மென்பொருளுக்குள் எடுக்கும் இம்போர்ட் பொத்தானை அழுத்தலாம். நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊரும். அது நூறைத் தொடும்போது அவர்கள் வந்திருப்பார்கள்.

முதலில் வந்தவள் மண்டிக்காரர் சுப்பையாவின் தங்கச்சி. மலேசியாவில் வாழ்க்கைப்பட்டவள், பிரசவத்துக்கு நாள் நெருங்கியதால் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வர முடியாதவள், இம்போர்ட் முடிந்து நான் ஓட்டிப் பார்த்தபோது நாலாவது வரிசை ஓரத்தில் வயிற்றைத் தாங்கியபடி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைத் தெரியாது, அதனால் ஒன்றும் தோன்றவில்லை. டிவிடியைப் பார்த்த சுப்பையாவின் சம்சாரம்தான், "ஏட்டி, வீட்டுல கட்டுற சேலையோடயே வந்திருக்கா பாரு, மாத்திட்டு வந்தா என்ன?" என்றாளாம். மலேசியாவுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். முகூர்த்த நேரத்தில் அந்தச் சேலையில்தான் இருந்தேன், எல்லாரும் இந்நேரம் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவள் சொன்னாள். அத்தோடு அந்த வீட்டில் பேச்சு சேலையைப் பற்றியதாக மாறிவிட்டது.

அடுத்தது, டூட்டியில் இருந்த கண்டக்டர் தோளில் பையோடு மணமேடைக்குக் கீழே நின்றார். பட்டாளத்திலிருந்து லீவு கிடைக்காத அண்ணன் தொப்பியைக் கழற்றாமல் பந்தியில் அப்பளத்தை நொறுக்கினான். ஏன் இப்படி என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. நல்ல தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்று கேட்பார்களே தவிர எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற வழக்கம் இங்கே இல்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இன்னொரு வீடியோக்காரர் அதே மென்பொருளை, அதே பதிப்பு நம்பருள்ளதை வாங்கிப் போட்டுப் பார்த்தார். அவர் கம்ப்யூட்டருக்கு யாரும் வரவில்லை. வருத்தப்பட்டார், பிறகு பிறந்தநாள் விழாக்களோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனால் வழக்கம் என்ன என்பதை ஊர் சீக்கிரமாகவே கண்டுபிடித்துவிட்டது. செத்தவர்கள் வருவதில்லை. குருவம்மா மூன்று பிள்ளைகளின் கல்யாணத்தையும் எங்களிடமே கொடுத்து, மூன்றிலும் புருஷனைத் தேடிப் பார்த்துவிட்டு, "உசுரோட இருந்தப்பவே எங்கயும் கூட்டிட்டுப் போனா வர மாட்டாரு" என்று விட்டுவிட்டாள். வர மனசில்லாதவர்களும் வருவதில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிய சித்தப்பா டிவிடியில் இல்லாததைக் கண்டு ஒரு வீட்டில் ஏழு மாதம் பேச்சுவார்த்தை நின்றது. அந்த வாசல்படியை மிதிக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த ஒரு தாய்மாமன் கடைசிப் பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் வாங்குவது தெரிந்து, மறுநாளே அவரை வண்டி வைத்துக் கூட்டிவந்தார்கள். வர நினைத்தால் உருவம் வரும், நினைக்காவிட்டால் வராது, அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. பிறகு பத்திரிகைகளில் கடைசி வரியாக, நேரில் வர இயலாதோர் படத்தில் வந்து மணமக்களை வாழ்த்தவும் என்று அச்சடிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ரெண்டு நாற்காலியைக் காலியாகப் போடச் சொல்லி மண்டபத்து மானேஜரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறுவதைக் குறைத்துக்கொண்டு, முகூர்த்த நேரத்துக்கு நல்ல துணி உடுத்தி, தலை சீவி, வீட்டிலேயே உட்கார்ந்து நினைத்துக்கொண்டார்கள்.

இது ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியும் யாருடைய டிவிடியிலும் நான் வந்ததில்லை. என் பெயர் வெயிலுமுத்து. பகலில் தூங்கி இரவில் வேலை பார்க்கிறவன் என்பதால், "பேரப் பாரு, வெயிலு படாத உடம்புக்கு வெயிலுமுத்துன்னு பேரு" என்று டீக்கடையில் சொல்வார்கள். முன்பு, வேலை முடிந்து நான் கதவைச் சாத்தும் நேரத்தில் என் மகள் வடிவு பள்ளிக்கூடம் போவாள், அவள் திரும்பிவரும் நேரத்தில் நான் கிளம்பிவிடுவேன். ஆண்டு விழா, காது குத்து, காய்ச்சல், எதற்குக் கேட்டாலும் வேலை இருந்தது என்று சொல்வேன். உண்மையிலேயே வேலை இருந்தது. அவளுக்கு ஒன்பது வயதில் என் சம்சாரம் பொன்னுத்தாய் அவளைக் கூட்டிக்கொண்டு சுரண்டைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். இந்த வாரம் போய்க் கூட்டிவரலாம், அடுத்த வாரம் போகலாம் என்று பதினான்கு வருஷம் போயிற்று.

ஒரு வைகாசியில் பொன்னுத்தாயின் அண்ணன் உச்சிமாகாளி படியேறி வந்து நாலு டேப்பையும் ஒரு பத்திரிகையையும் மேஜையில் வைத்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"நல்லாருக்கீரா?" என்றார்.

"இருக்கேன் மச்சான்."

"வடிவுக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டு. போன வியாழக்கிழமை."

நான் பத்திரிகையைப் பார்த்தேன். தலைப்பு அடிக்கப் பத்திரிகை கொடுப்பது வழக்கம், எழுத்துப் பிசகக் கூடாது என்பதற்காக. சண்முகவடிவு என்று தங்க எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, தெய்வத்திரு. வெயிலுமுத்து அவர்களின் குமாரத்தி என்று இருந்தது. நம் பக்கத்தில் காலமானவர்களுக்குத்தான் அப்படிப் போடுவார்கள்.

"கோவப்படாதீரும்," என்றார் மச்சான். "அப்பன் செத்த பிள்ளைன்னா இரக்கப்படுவாக. அப்பன் இருந்தும் அத்துப்போன பிள்ளைன்னா பேசுவாக. மாப்பிள்ளையோட அம்மா ரொம்பக் கறார். வேற வழி தெரியல."

"சரி."

"வேற எங்கயாச்சும் கொடுத்திருப்பேன். அந்தம்மாவுக்கு மூத்த மகன் சவுதியில இருக்கான், வர முடியல. அவன் வந்திருக்கானான்னு பாக்கணும், இந்தப் புளியங்குடிக் கடையிலதான் போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கா." கொஞ்சநேரம் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "செத்தவுக வர மாட்டாகன்னு அந்தம்மாவுக்கும் தெரியும். அந்த வீட்டுல ஒம்ம சின்ன வயசுப் போட்டோ ஒண்ணு மாலை போட்டு மாட்டியிருக்கு. பாத்துச் செய்யும். பிள்ளை வாழணும்."

அவர் இறங்கிப் போனபிறகு முதல் வேலையாகத் தலைப்பை அடித்தேன். தெய்வத்திரு. புள்ளி. வெயிலுமுத்து. எழுத்து ரோஜாப்பூவுக்கு மேல் சுழன்று வந்து நின்றது. சரியாக இருந்தது.

டேப் இறங்கும்போது முதல் தடவையாக வடிவைப் புடவையில் பார்த்தேன். பொன்னுத்தாய் நெற்றியில் ஒன்றுமில்லாமல், பூ இல்லாமல், தூணுக்குப் பின்னால் நின்றாள். நான் உயிரோடு இருக்கும்போதே அவள் எனக்காக நாலு மணி நேரம் அப்படி நின்றிருக்கிறாள். மச்சானும் அவர் சம்சாரமும் தாரை வார்த்தார்கள். வெட்டினேன், ஒட்டினேன், மாற்றப் போட்டேன், காலையில் இம்போர்ட் கொடுத்தேன். நீலக் கோடு நூறைத் தொட்டது.

மூன்றாவது வரிசையில் மாப்பிள்ளையின் அண்ணன் தவசி கம்பெனிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில், என்னிடம் இல்லாத வெள்ளைச் சட்டையில், நான்.

மென்பொருளுக்குள் போன ஃபைலை அங்கே வைத்து வெட்ட முடியாது. அத்தியாயம் பிரிக்கலாம், மெனுவுக்கு மணியோசை வைக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. அதனால் நேரத்தைக் குறித்துக்கொண்டு பழைய ஃபைலுக்குத் திரும்பிப்போய், மூன்றாவது வரிசை வரும் காட்சிகளை வெட்டி, மறுபடி மாற்றி, மறுபடி இம்போர்ட் கொடுத்தேன். நான் பந்திக்குப் போயிருந்தேன். தவசியும் பந்திக்கு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். பந்தியை எடுத்தேன். பெண் அழைப்பில் மேளக்காரருக்குப் பின்னால் நடந்து வந்தோம். அதையும் எடுத்தேன். வாழைமரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எடுத்தேன். தூணுக்குப் பின்னால், பொன்னுத்தாய்க்கு ஒரு முழம் தள்ளி, அவளைப் பார்க்காமல் நின்றேன். அதை எடுக்க ஒருநாள் ஆயிற்று. எடுத்தேன். மூன்று மணி நேரக் கல்யாணம் குறைந்துகொண்டே வந்து, ஆரத்தி போய், மாலை மாற்றுதல் போய், கடைசியில் தாலி கட்டுகிற பதினோரு நிமிஷம் மட்டும் மிஞ்சியது. அதில் நான் வடிவின் பின்னால் குனிந்து, மாப்பிள்ளை முடிச்சுப் போட வசதியாக அவள் சடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். தாலி இல்லாத கல்யாண டிவிடியை எந்த வீட்டிலும் வாங்க மாட்டார்கள்.

கடை முதலாளி ஞானப்பழம் அண்ணாச்சி சர்ச்சிலிருந்து வந்தவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னவே, இது நீருல்லா?"

"ஆமா அண்ணாச்சி."

"கல்யாணத்துக்குப் போனீரா?"

"போகல. போன வியாழக்கிழமைன்னே மச்சான் வந்து சொல்லித்தான் தெரியும்."

"முகூர்த்த நேரம் தெரியாமலே வந்திருக்கீரு." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பத்திரிகையை வாசித்தார். தெய்வத்திருவில் விரலை வைத்து நிறுத்தினார். "நாலு வருஷமா ஒரு கல்யாணத்துலயும் தலை காட்டாத மனுசன். வந்ததும் வந்தீரு, வரக்கூடாத எடத்துக்கா வரணும்?"

"நினைக்காம இருக்க என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"ஒமக்கா தெரியாது? முதக் கல்யாணத்த எடிட் பண்ணயில தாலி கட்டும்போது அழுதீரு, நான் பாத்தேன். நூறாவது கல்யாணத்துல ஒரு கையில வடையப் பிடிச்சிக்கிட்டு ஒரு கையால தாலிய வெட்டுனீரு. மருந்து நம்ம தொழில்லயே இருக்குவே." எழுந்து படிக்கட்டுவரை போனவர் திரும்பி, "போட்டுத்தான் ஆகணுமா? நான் வேணா அந்தம்மாகிட்ட மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லுதேன்" என்றார்.

"தவசி வந்திருக்கான் அண்ணாச்சி. அவுக அம்மா பாக்கணும்."

வெட்டியதையெல்லாம் அழித்துவிட்டு, முதல் டேப்பை மறுபடி போட்டேன். நாலு டேப்பும் இறங்கியது. ஓட்டிப் பார்த்தேன், அழித்தேன், மறுபடி முதல் டேப்பைப் போட்டேன். முதல் தடவை பார்த்தபோது வடிவு சிரிக்கும்போது இடது கன்னத்தில் விழும் குழி என் அம்மாவுடையது என்று தெரிந்தது. மூன்றாவது தடவை, அவள் மண்டபத்து வாசலை ஆறுமுறை பார்க்கிறாள் என்று எண்ணினேன். நாலாவது தடவை எட்டுமுறை. ஐந்தாவது தடவை, தாலி ஏறும்போது பொன்னுத்தாய் தூணைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுப்பதைப் பார்த்தேன். ஏழாவது தடவை நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கும் இடங்கள் மனப்பாடமாயின. ஒன்பதாவது தடவையில் கூரைப்புடவையின் சிவப்பு ஓரங்களில் ஒழுகுவது தெரிந்தது. டேப்பில் எடுத்தால் சிவப்பு அப்படித்தான் ஒழுகும், கொஞ்சம் குறைத்தேன். பதினோராவது தடவை, அவள் வாசலைப் பார்க்கும் இடங்களில் கேமராக்காரர் லேசாக ஆட்டியிருப்பதுதான் கண்ணில் பட்டது. பன்னிரண்டாவது தடவை ஓடும்போது சாப்பிட்டேன். பதிமூன்றாவது தடவை ஓடும்போது தூங்கிப்போனேன். பதினான்காவது தடவை அது ஒரு ஃபைல், மூன்று மணி இருபத்திரண்டு நிமிஷம், இரண்டு டிஸ்க்.

இம்போர்ட் கொடுத்தேன். நீலக் கோடு ஊர்ந்து முடிந்தது. மூன்றாவது வரிசையில் தவசி இருந்தான். பக்கத்து நாற்காலி காலி. அவன் அந்தக் காலி நாற்காலியின் பக்கமாகச் சாய்ந்து ஏதோ கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறவன்போல் இருந்தான். பந்தியில் நான் இல்லை, தூணுக்குப் பின்னால் இல்லை, சடையை வேறொருத்தி தூக்கிப் பிடித்தாள். அத்தியாயம் பிரித்து, மணியோசை வைத்து, டிஸ்க்கில் எரித்துக் கொடுத்து அனுப்பினேன். சம்பந்தியம்மாள் மகனைக் கண்டு டிவியைத் தொட்டுத் தொட்டு அழுததாகவும், எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகவும் மச்சான் போனில் சொன்னார்.

பத்து நாள் கழித்து, சாயங்காலம் நாலு மணிக்கு நான் வேலைக்கு வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தபோது வடிவும் மாப்பிள்ளையும் படியேறி வந்தார்கள். கையில் அந்த டிவிடி இருந்தது. மாப்பிள்ளை அய்யாத்துரை நல்ல உயரம், கல்யாணத்தில் பார்த்ததைவிடக் கறுப்பு. மாலை போட்ட போட்டோவில் இருப்பவன் நான்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சார், டிஸ்க்குல கோளாறு இருக்குமோன்னு இவளுக்குச் சந்தேகம்," என்றான். "எங்க வீட்டுல நல்லாத்தான் ஓடுது. நாலுதரம் பாத்துட்டா. நிறுத்தி நிறுத்திப் பாக்கா."

"என்ன கோளாறு?" என்றேன்.

வடிவு என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினாள். "ஏதாச்சும் விட்டுப்போயிருக்கா சார்? எல்லா டேப்பும் ஏத்துனீங்களா?"

"எல்லாம் ஏத்தினேன்மா."

"எங்க பக்கத்துல ஒருத்தர் வருவார்னு நெனச்சேன். காணல."

"யாருட்டி அது?" என்றான் மாப்பிள்ளை.

"தூரத்துச் சொந்தம். ஒங்களுக்குத் தெரியாது."

"அப்படின்னா விடு. வர்ற நெனப்பு இருந்தா வந்திருப்பாரு. எங்கண்ணன் பாலைவனத்துல இருந்து வரல?" அவன் போன் அடித்தது. மாடியில் சரியாகக் கேட்கவில்லை என்று பேசிக்கொண்டே கீழே இறங்கினான்.

அவன் கடைசிப் படியில் இறங்கும்வரை அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துல பாதித் தோளாச்சும் தெரிஞ்சாப் போதும்னு தேடினேன்," என்றாள். "யாராச்சும் கேட்டா வேற யாரோன்னு சொல்லிச் சமாளிச்சிருப்பேன். அதெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். செருப்பு கிடக்கிற எடம்வரைக்கும் பாத்தேன்."

நான் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஒருதடவைகூட வரணும்னு தோணலையாப்பா?"

தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். அது எங்கே என்று கேட்டால் காட்ட என்னிடம் எதுவும் இல்லை, இடம் போதாதென்று ஒவ்வொன்றாக அழித்துவிட்டிருந்தேன். என்ன சொல்வது என்று தேடியபோது, எத்தனையோ வருஷமாகக் கைவாக்கில் வைத்திருந்ததுதான் முதலில் வந்தது.

"வேலை இருந்ததும்மா."

அவள் தலையை ஆட்டினாள், எதிர்பார்த்த பதில்போல. கீழே வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது. "வாரேன் சார்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். டிவிடியை மேஜையிலேயே வைத்துவிட்டிருந்தாள்.

டேப் நாலும் இன்னும் அலமாரியில்தான் இருந்தன. அவற்றை எடுத்து ஒவ்வொன்றாக இறக்கினேன், மாற்றினேன், அளவெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இம்போர்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, போக வேண்டும், போக வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். சத்தமாகவே சொன்னேன். நீலக் கோடு ஊர்ந்து நூறைத் தொட்டது.

மூன்றாவது வரிசையில் தவசி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. அதில் யாரும் இல்லை. நாற்காலியில் நீலம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, அன்றைக்கே சரிபண்ணியிருக்கலாம் என்று தோன்றியது. அது ஒன்றுதான் தோன்றியது.